மூன்று தேனீக்கள்: இத்தாலியக் குலச்சின்னத்தைப் படிப்பது எப்படி?

ஒரு குலச்சின்னத்தைப் பார்த்ததும் "சிங்கம் என்றால் வீரம், கழுகு என்றால் அதிகாரம்" என்று பொருள் தேடக் கிளம்பிவிடுகிறோம். அதைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். இத்தாலியக் குடும்பமென்றால் முதலில் பெயரைப் பார்க்க வேண்டும். பர்பெரினி குடும்பத்தின் சின்னத்தை வைத்துப் பழகுவோம்.

படி 1: பெயர் எங்கிருந்து வந்தது?

இத்தாலியக் குடும்பப் பெயர்கள் பெரும்பாலும் ஊர், தொழில், தந்தையின் பெயர், பட்டப்பெயர் ஆகியவற்றில் ஒன்றிலிருந்து பிறந்தவை. பர்பெரினி என்பது ஊர்ப்பெயர். டஸ்கனியில் உள்ள பர்பெரினோதான் அந்த ஊர். அதற்கு முன் அவர்களின் குடும்பப் பெயர் தஃபானி. 'தஃபானோ' என்றால் மாட்டு ஈ!

படி 2: கேடயத்தில் என்ன இருக்கிறது?

நீல நிறக் கேடயத்தில் மூன்று தங்கத் தேனீக்கள்; மேலே இரண்டு, கீழே ஒன்று. பழைய சின்னத்தில் இருந்தவை ஈக்கள், பெயருக்கு ஏற்ற படம். குடும்பம் உயர உயர, மாட்டைக் கடித்து ரத்தம் குடிக்கும் ஈ, தேன் சேர்க்கும் தேனீயாகிவிட்டது. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. தேனீ உழைப்பின் அடையாளம் என்பது சரிதான். ஆனால் அந்த இடத்தில் முன்பு என்ன இருந்தது என்று தெரிந்தால்தான் அந்தக் குடும்பத்தின் ஆசை புரியும்.

படி 3: கல்லிலும் அச்சிலும் நிறம் தெரியாதே?

ரோமில் 1638இல் வெளியான தன் நூலில் பெத்ரா சாங்தா என்ற இயேசு சபைத் துறவி பயன்படுத்திய முறை இன்றும் கைகொடுக்கிறது. புள்ளிகள் தங்கம், கிடைக்கோடுகள் நீலம், செங்குத்துக் கோடுகள் சிவப்பு.

படி 4: கேடயத்துக்கு மேலே பாருங்கள்

குறுக்கே வைத்த இரண்டு சாவிகளும் மூவடுக்கு மகுடமும் இருந்தால் அது திருத்தந்தையின் (போப்பின்) சின்னம். மஃபெயோ பர்பெரினி 1623இல் எட்டாம் அர்பன் என்ற பெயரில் திருத்தந்தை ஆனார். அதே தேனீக்களுக்கு மேல் குஞ்சம் தொங்கும் அகலத் தொப்பி இருந்தால், அது அந்தக் குடும்பத்துக் கர்தினாலின் (திருத்தந்தைக்கு அடுத்த நிலைத் திருச்சபைத் தலைவரின்) சின்னம்.

படி 5: அவசரப்படாதீர்கள்

குடும்பப் பெயர் ஒன்றாக இருப்பதால் மட்டும் சின்னம் சொந்தமாகிவிடாது. அது வம்சாவளிக்கு உரியது. பங்குக் கோயில்களின் திருமுழுக்குப் பதிவேடுகளில் தலைமுறை தலைமுறையாகப் பின்னோக்கிப் போய்த்தான் உறுதிசெய்ய வேண்டும்.

சரி, இப்போது ஒரு பயிற்சி. ரோமின் புனித பேதுரு பேராலயத்தில் சிற்பி பெர்னினி அமைத்த வெண்கல விதானத்தின் படங்களைத் தேடி எடுங்கள். தூண்களின் பளிங்குப் பீடங்களில் தேனீக் கேடயங்கள் எட்டு இருக்கும். முன்பக்க இடது பீடத்தில் தொடங்கி, ஒவ்வொரு கேடயத்தின் உச்சியிலும் உள்ள முகத்தை வரிசையாகப் பாருங்கள். ஒரு பெண்ணின் முகத்தில் பிரசவ வலி கூடிக்கொண்டே போகும். எட்டாவது கேடயத்தில் அவள் இல்லை. ஒரு குழந்தை சிரிக்கிறது.