ஒரே கட்டு பிளாக்ஜாக்: சீட்டு எண்ணுவதை முதலிலிருந்து கற்போம்

சீட்டு எண்ணுவது என்றதும், போன சீட்டு எல்லாவற்றையும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டுமோ என்று பலர் மிரண்டுபோகிறார்கள். தேவையே இல்லை. மனதில் ஒரே ஒரு எண்தான் ஓடும். ஒன்று கூடும், ஒன்று குறையும், அவ்வளவுதான். கஷ்டம் கணக்கில் இல்லை. டீலர் மடமடவென்று சீட்டு போடும்போதும், பக்கத்தில் இருப்பவர் பேச்சுக் கொடுக்கும்போதும் அந்த எண்ணை நழுவவிடாமல் இருப்பதில்தான் இருக்கிறது.

பிளாக்ஜாக்கின் அடிப்படை விதிகள் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன். 21-ஐத் தாண்டாமல் டீலரை மிஞ்ச வேண்டும், படச் சீட்டுகளுக்கு 10, ஏஸுக்கு 1 அல்லது 11, டீலர் 17 வரும்வரை எடுத்தே ஆக வேண்டும். இது போதும்.

ஏன் எண்ண வேண்டும்?

இதைப் புரிந்துகொள்ளாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். ரூலெட்டில் போன சுற்றில் விழுந்த எண் அடுத்த சுற்றை எந்த விதத்திலும் பாதிக்காது. பிளாக்ஜாக்கில் பாதிக்கும். கட்டிலிருந்து வெளியே வந்த சீட்டு, மறுபடி கலைக்கும்வரை திரும்பி வராது. புதுக் கட்டில் உங்களுக்கு பிளாக்ஜாக் (முதல் இரண்டு சீட்டிலேயே ஏஸும் 10 மதிப்புள்ள சீட்டும்) விழும் வாய்ப்பு 4.83 சதவீதம், அதாவது சுமார் 21 கைக்கு ஒன்று. ஒரே ஒரு ஏஸ் போய்விட்டால் அது 3.76 சதவீதமாக இறங்கிவிடுகிறது. நாலு ஏஸும் போய்விட்டால் பூஜ்ஜியம். ஆறு கட்டு, எட்டு கட்டு வைத்து ஆடும் மேஜையில் ஒரு ஏஸ் போனால் யாருக்கும் தெரியாது. ஒரே கட்டில் ஒவ்வொரு சீட்டும் கணக்கை அசைக்கும். எண்ணக் கற்றுக்கொள்ள இதைவிடச் சிறந்த இடம் இல்லை என்று நான் நினைப்பது இதனால்தான்.

பெரிய சீட்டுகள், அதாவது 10, ஜாக், குயின், கிங், ஏஸ், கட்டில் மீந்திருந்தால் அது உங்களுக்கு நல்லது. உங்களுக்கு பிளாக்ஜாக் விழுந்தால் ஒன்றரை மடங்கு கிடைக்கும். டீலருக்கு விழுந்தால் நீங்கள் கட்டியது மட்டும்தான் போகும். 11-ல் டபுள் செய்தால், அதாவது பந்தயத்தை இரட்டிப்பாக்கி ஒரே ஒரு சீட்டு எடுத்தால், 21 வரும் வாய்ப்பு கூடும். 12 முதல் 16 வரை கையில் இருக்கும்போது நீங்கள் நிறுத்திக்கொள்ளலாம். டீலருக்கு அந்த உரிமை கிடையாது, எடுத்து 21-ஐத் தாண்டி வெடித்துப்போவார்.

சின்னச் சீட்டுகளில் 5-ஐ மட்டும் தனியாகப் பாருங்கள். டீலரிடம் 12 இருந்து 5 வந்தால் 17. 13 என்றால் 18, 14 என்றால் 19, 15 என்றால் 20, 16 என்றால் 21. வெடிக்க வேண்டிய ஐந்து கைகளையும் ஒன்றுவிடாமல் காப்பாற்றிவிடுகிறது. நாலு 5-ம் வெளியே போய்விட்ட ஒற்றைக் கட்டில், சரியாக ஆடுபவருக்கு 3 சதவீதத்துக்கும் மேல் சாதகம் இருக்கிறது. கணிதப் பேராசிரியர் எட்வர்ட் தோர்ப் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஐபிஎம் 704 கணினியில் இந்தக் கணக்குகளைப் போட்டுப் பார்த்து, 1962-ல் புத்தகமாக வெளியிட்டார். அதில் வந்த ஒரு முறை 5-களை மட்டும் எண்ணுவதுதான்.

படி 1: மேஜையைப் பார்த்துவிட்டு உட்காருங்கள்

மேஜை விரிப்பில் "பிளாக்ஜாக்குக்கு 3-க்கு 2" என்று இருக்கிறதா, "6-க்கு 5" என்று இருக்கிறதா? மற்ற எதையும் பார்ப்பதற்கு முன் இதைப் பாருங்கள்.

10 யூனிட் (யூனிட் என்பது நீங்கள் வழக்கமாகக் கட்டும் மிகச் சிறிய பந்தயம்) கட்டி பிளாக்ஜாக் விழுந்தால் முதல் மேஜையில் 15 கிடைக்கும், இரண்டாவதில் 12. இந்த மூன்று யூனிட் வித்தியாசம் சிறியதாகத் தெரியும். ஆனால் சுமார் 21 கைக்கு ஒரு முறை இந்த இழப்பு வருகிறது என்பதைச் சேர்த்துப் பாருங்கள்: கட்டும் பணத்தில் ஏறக்குறைய 1.4 சதவீதம் கேசினோ பக்கம் போகிறது. நல்ல விதிகள் உள்ள ஒற்றைக் கட்டு மேஜையில், அடிப்படை உத்தியை (எந்தக் கைக்கு என்ன செய்வது என்ற நிலையான அட்டவணை, படி 2-ல் வரும்) சரியாக ஆடினால் கேசினோவின் சாதகம் 0.2 சதவீதத்தை ஒட்டியே இருக்கும், சில மேஜைகளில் அதற்கும் கீழே. அந்தச் சாதகத்தை 6-க்கு 5 பல மடங்கு பெருக்கிவிடுகிறது. "ஒரே கட்டு" என்று பெரிய எழுத்தில் பலகை வைத்திருக்கும் மேஜைகளில் பெரும்பாலும் இந்த 6-க்கு 5 விதிதான் இருக்கும். எழுந்து வந்துவிடுங்கள்.

அடுத்து, டீலர் ஏஸ்-6 போன்ற மென்மையான 17-ல் (ஏஸை 11 ஆக எண்ணி வரும் 17) நிற்கிறாரா, எடுக்கிறாரா என்று பாருங்கள். எடுத்தால் உங்களுக்கு சுமார் 0.2 சதவீதம் நஷ்டம். சகித்துக்கொள்ளலாம். அமெரிக்காவின் நெவாடா மாநிலத்து ரீனோ நகரின் பக்கத்து விதிகளில் 10, 11-க்கு மட்டும்தான் டபுள் என்று கட்டுப்பாடு வைப்பதுண்டு, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக, கலைப்பதற்குமுன் எத்தனை சுற்று போடுகிறார்கள் என்பது. ஆட்டக்காரர் எண்ணிக்கையும் சுற்று எண்ணிக்கையும் சேர்ந்து ஆறு வருவது வழக்கமான அளவு. நீங்கள் தனியாக இருந்தால் ஐந்து சுற்று, இரண்டு பேர் என்றால் நாலு. இரண்டு சுற்றிலேயே கலைத்துவிடுகிறார்கள் என்றால், நீங்கள் எண்ணிச் சேர்த்தது பயன்படும் முன்பே அழிந்துவிடும்.

படி 2: அடிப்படை உத்தி

எண்ணுவதற்கு முன் இது கைவந்திருக்க வேண்டும். எந்தக் கைக்கு, டீலரின் எந்தச் சீட்டுக்கு எதிராக, ஹிட்டா (இன்னொரு சீட்டு எடுப்பது), ஸ்டாண்டா (நிறுத்திக்கொள்வது), டபுளா, ஸ்ப்ளிட்டா (ஜோடியை இரண்டு கையாகப் பிரிப்பது) என்ற அட்டவணை எல்லா இடத்திலும் கிடைக்கிறது. ஒரே கட்டுக்கான அட்டவணையைத்தான் எடுக்க வேண்டும், பல கட்டுக்கானது வேறு. ஒரே கட்டில் 11 வைத்திருந்தால் டீலரின் ஏஸுக்கு எதிராகவும் டபுள். 9 என்றால் டீலரின் 2-க்கு எதிராகவும் டபுள். 8 வைத்திருந்தால் டீலரின் 5, 6-க்கு எதிராக டபுள். யோசிக்காமல் வர வேண்டும். இதை யோசித்துக்கொண்டிருந்தால் எண்ண நேரம் இருக்காது.

படி 3: ஹை-லோ

1963-ல் ஹார்வி டப்னர் முன்வைத்த முறை இது. இன்றும் தொடங்குபவர்களுக்கு இதையே சொல்வேன்.

2, 3, 4, 5, 6 வந்தால் +1.
7, 8, 9 வந்தால் 0.
10, ஜாக், குயின், கிங், ஏஸ் வந்தால் −1.

கட்டில் +1 சீட்டுகள் 20, −1 சீட்டுகள் 20. அதனால் முழுக் கட்டையும் எண்ணி முடித்தால் பூஜ்ஜியம் வர வேண்டும். நடுவில் எண் கூடுதலாக இருந்தால் சின்னச் சீட்டுகள் போய்விட்டன, பெரியவை உள்ளே காத்திருக்கின்றன என்று பொருள். இந்த ஓடும் எண்ணை ரன்னிங் கவுண்ட் என்பார்கள்.

பயிற்சி இப்படி: ஒரு சீட்டைப் பார்க்காமல் எடுத்துக் கவிழ்த்து வைத்துவிட்டு, மீதி 51-ஐ ஒவ்வொன்றாகத் திருப்பி எண்ணுங்கள். முடிவில் +1 வந்தால் கவிழ்த்து வைத்தது பெரிய சீட்டு. −1 வந்தால் சின்னது. 0 வந்தால் 7, 8, 9-ல் ஒன்று. திருப்பிப் பார்த்துச் சரிபார்த்துக்கொள்ளலாம். பிழை இருந்தால் உடனே தெரிந்துவிடும். கொஞ்சம் பழகியதும் இரண்டிரண்டாகத் திருப்புங்கள். கிங்கும் 4-ம் சேர்ந்து வந்தால் ஒன்றையொன்று அடித்துவிடும், எண்ணவே வேண்டாம். இந்த ஜோடி அடிப்பது பழகிவிட்டால் வேகம் தானாக வரும். முழுக் கட்டையும் 30 வினாடிக்குள், உதடு அசையாமல் எண்ண முடியும் அளவுக்கு வாருங்கள்.

படி 4: ட்ரூ கவுண்ட்

ரன்னிங் கவுண்ட் +3 என்றால், 46 சீட்டு மீதியிருக்கும்போது அதற்கு ஒரு மதிப்பு. 20 சீட்டு மீதியிருக்கும்போது வேறு மதிப்பு. அதனால் மீதியிருக்கும் கட்டின் அளவால் வகுக்க வேண்டும். அப்படி வருவதுதான் ட்ரூ கவுண்ட். பின்னத்தைக் கண்டு அஞ்ச வேண்டாம். ஒரே கட்டில் இது எளிது: பாதிக் கட்டு மீதி என்றால் ரன்னிங் கவுண்டை இரட்டிப்பாக்குங்கள், முக்கால் கட்டு மீதி என்றால் அதோடு அதில் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டுங்கள், புதுக் கட்டு என்றால் அப்படியே. ட்ரூ கவுண்ட் ஒன்று கூடும்போதெல்லாம் உங்கள் சாதகம் தோராயமாக அரை சதவீதம் கூடும். 6-க்கு 5 மேஜையில் நஷ்டமில்லாமல் நிற்கவே +3 தேவைப்படும் என்பது இந்தக் கணக்கில் தெளிவாகத் தெரியும்.

ஒரு ஆட்டத்தை மெதுவாகப் பார்ப்போம்

புதுக் கட்டு, மேஜையில் நீங்கள் மட்டும். உங்களுக்கு 6, 5. எண் +2. டீலரின் திறந்த சீட்டு 4. எண் +3. 11-ல் டபுள் செய்கிறீர்கள், 9 வருகிறது, எண் மாறவில்லை. உங்களிடம் 20. டீலர் கவிழ்த்த சீட்டைத் திறக்கிறார், 10. எண் +2. அவரிடம் 14, எடுக்கிறார், 3 வருகிறது. எண் +3, அவரிடம் 17. ஜெயித்தீர்கள்.

போனது ஆறு சீட்டு, மீதி 46, ட்ரூ கவுண்ட் 3-க்குச் சற்று மேலே. ஒரே சுற்றில் சாதகம் உங்கள் பக்கம் வந்துவிட்டது. ஆறு கட்டு மேஜையில் இதே ஆறு சீட்டு போயிருந்தால் ட்ரூ கவுண்ட் அரைதான் இருக்கும்.

அடுத்த சுற்றுக்குப் பந்தயத்தைக் கூட்டுகிறீர்கள். 2-ம் 7-ம் வருகின்றன. எண் +4. டீலரின் திறந்த சீட்டு ஏஸ். எண் +3. "இன்சூரன்ஸ் வேண்டுமா?" என்று டீலர் கேட்கிறார்.

இன்சூரன்ஸ் என்பது டீலரின் கவிழ்ந்த சீட்டு 10 மதிப்புள்ளதா என்பதன் மேல் கட்டும் தனிப் பந்தயம். ஜெயித்தால் இரண்டு மடங்கு. எனவே நீங்கள் பார்க்காத சீட்டுகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பத்துகளாக இருந்தால் லாபம், இல்லாவிட்டால் நஷ்டம். இப்போது 43 சீட்டு தெரியாது, அதில் பத்துகள் 15. அது 34.9 சதவீதம். எடுக்கலாம், கட்டிய இன்சூரன்ஸ் பணத்தில் சராசரியாக 4.65 சதவீதம் உங்களுக்கு லாபம்.

இதையே புதுக் கட்டில், கையில் 20 வைத்துக்கொண்டு பாருங்கள். "நல்ல கை, காப்பாற்றிக்கொள்" என்று பக்கத்தில் இருப்பவர் நல்ல மனதோடு சொல்வார். உங்கள் கையில் இரண்டு பத்துகள் இருப்பதால் மீதி 49-ல் 14 மட்டுமே பத்து. நூற்றுக்கு 14-க்கும் மேல் நஷ்டம். உங்கள் கை நல்லதா கெட்டதா என்பதற்கும் இன்சூரன்ஸுக்கும் சம்பந்தமே இல்லை. மீதிக் கட்டில் என்ன இருக்கிறது என்பது மட்டும்தான் கேள்வி. ஒரே கட்டில் ட்ரூ கவுண்ட் 1.4-ஐத் தாண்டினால் எடுங்கள், இல்லாவிட்டால் கையை அசைத்து மறுத்துவிடுங்கள்.

படி 5: எண்ணை ஆட்டத்தில் காட்டுவது

பல கட்டு மேஜையில் லாபம் பெரும்பாலும் பந்தயத்தை ஏற்றி இறக்குவதில் வருகிறது. ஒரே கட்டில் ஆட்ட முடிவுகளை மாற்றுவதிலும் அதற்கு இணையாகக் கணிசமாக வருகிறது. புதிதாகக் கற்பவர்கள் இதைத்தான் கவனிக்காமல் விடுகிறார்கள். தொடக்கத்துக்கு இவை போதும்: டீலரின் 10-க்கு எதிராக 16 இருந்தால், ரன்னிங் கவுண்ட் 0-க்கு மேல் இருக்கும்போது நில்லுங்கள், கீழே இருந்தால் எடுங்கள். 12 வைத்திருந்து டீலரிடம் 3 என்றால் ட்ரூ கவுண்ட் +2 முதல், 2 என்றால் +3 முதல் நில்லுங்கள். டீலரின் 10-க்கு எதிராக 15 இருந்தால் +4 முதல் நில்லுங்கள்.

பந்தயத்தில் ஒன்றுக்கு நாலு என்ற வீச்சு ஒரே கட்டுக்குப் போதும். ட்ரூ கவுண்ட் 0 அல்லது கீழே இருந்தால் 1 யூனிட், +1-க்கு 2, +2-க்கு 3, அதற்கு மேல் 4.

சீட்டு கவிழ்ந்து வருமே?

ஒரே கட்டு மேஜைகளில் ஆட்டக்காரருக்குச் சீட்டைக் கவிழ்த்தே போடுவார்கள்; ஒரு கையால்தான் தொட வேண்டும். எடுக்க வேண்டுமானால் சீட்டால் விரிப்பைச் சுரண்டுவது, நிற்க வேண்டுமானால் சில்லுக்கு அடியில் செருகுவது. எண்ணும் வரிசை குழம்பாமல் இருக்க ஒரே ஒழுங்கைப் பிடியுங்கள். முதலில் உங்கள் இரண்டு சீட்டும் டீலரின் திறந்த சீட்டும். பிறகு யார் எடுத்தாலும் ஹிட் சீட்டு திறந்தே விழும், விழுந்தவுடன் எண்ணுங்கள். கடைசியில் டீலர் மற்றவர்களின் கையைத் திறக்கும்போது கவிழ்ந்திருந்த சீட்டுகளை மட்டும் சேருங்கள். ஹிட் சீட்டை இரண்டாம் முறை எண்ணிவிடுவதுதான் இங்கே அதிகம் நடக்கும் பிழை.

பணமும் சட்டமும்

இதைச் சொல்லாமல் விடுவது உங்களுக்குச் செய்யும் துரோகம். எல்லாம் சரியாக ஆடினாலும் கிடைப்பது ஒரு சதவீத அளவிலான சாதகம். ஒரு யூனிட் வீதம் 100 கை ஆடினால் எதிர்பார்க்கும் லாபம் 1 யூனிட். ஏற்ற இறக்கமோ 11 யூனிட்டுக்கு மேல். அதாவது, பாதிக்குச் சற்றுக் குறைவான தடவைகளில் நஷ்டத்தோடுதான் எழுவீர்கள். வாடகை, கடன், வீட்டுச் செலவுப் பணம் எதுவும் இதற்குள் வரக்கூடாது.

நெவாடாவில் மனதால் எண்ணுவது குற்றமில்லை; கருவி வைத்து எண்ணுவது குற்றம். ஆனால் எண்ணுகிறீர்கள் என்று தெரிந்தால் கேசினோ உங்களை ஆட விடாமல் அனுப்பலாம். நியூஜெர்சி மாநிலத்தில் கென் உஸ்டன் என்ற சீட்டு எண்ணும் ஆட்டக்காரர் தொடுத்த வழக்கில், எண்ணுகிறார் என்பதற்காக ஒருவரைத் தடுக்கும் உரிமை கேசினோவுக்குத் தானாகக் கிடையாது என்று 1982-ல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அங்கே கேசினோக்கள் கட்டுகளைக் கூட்டியும் அடிக்கடி கலைத்தும் தற்காத்துக்கொள்கின்றன. கணினி ஒவ்வொரு கைக்கும் புதிதாகக் கலைக்கும் ஆன்லைன் ஆட்டத்தில் எண்ணி எந்தப் பயனும் இல்லை.

மேஜையில் எண் நழுவிவிட்டால், 2-ஆ 3-ஆ என்று ஊகிக்காதீர்கள். அடுத்த கலைப்பு வரும்வரை 1 யூனிட் கட்டி, அடிப்படை உத்தியை மட்டும் ஆடி, இன்சூரன்ஸை மறுத்துவிட்டு, புதுக் கட்டு வந்ததும் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்குங்கள்.