புரியும்படி எழுதுங்கள், அளந்து வேகமாக்குங்கள்

ராயபுரத்துச் சரக்கு அலுவலகம் ஒன்றுக்கு, துறைமுகத்துக்கு வந்த கன்டெய்னர் எண்களைப் பதிவேட்டோடு ஒப்பிடும் பைத்தான் நிரல் எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலில் நேரடியாக எழுதுங்கள். மாறிக்கு ‘எக்ஸ்’ வேண்டாம், ‘வந்தவை’ போதும். பெயர் நீண்டால் வேகம் குறையாது.

மெதுவாக ஓடினால் ஊகிக்காமல் பைத்தானின் வேகம் அளக்கும் கருவியான சி-ப்ரொஃபைலில் (cProfile) அளந்து பாருங்கள். பெரும்பாலும் குற்றவாளி, லூப்புக்குள் (திரும்பத் திரும்ப ஓடும் பகுதிக்குள்) லிஸ்ட்டில், அதாவது வரிசைப் பட்டியலில், தேடுவதுதான். இருபுறமும் 20,000 எண்கள் இருந்து எதுவும் பொருந்தாவிட்டால் 40 கோடி ஒப்பீடுகள்! பதிவேட்டை செட்டாக (ஒரே எண் இருமுறை வராத தொகுப்பாக) மாற்றினால் தேடல் ஒவ்வொன்றும் சராசரியாக ஒரே படியில் முடியும், வாசிப்பும் கெடாது. ஆனால் செட்டாக மாற்றும் வரியை லூப்புக்கு வெளியே வையுங்கள். உள்ளே வைத்தால் ஒவ்வொரு சுற்றிலும் செட் புதிதாக உருவாகி, நிலைமை இன்னும் மோசமாகும். செட்டில் வரிசையும் இரட்டைப் பதிவுகளும் தங்காது, அவை தேவையென்றால் லிஸ்ட்டையும் வைத்திருங்கள்.

வேகத்துக்காக, இரண்டால் வகுக்க பிட் ஷிஃப்ட் (எண்ணின் இரும இலக்கங்களை நகர்த்துவது) போட்டுப் புரியாமல் ஆக்குவது வேண்டவே வேண்டாம்.