கற்பனை உலகின் வாள்களை அருங்காட்சியகத்தில் தேடுவது எப்படி?

மனத்துக்கு நெருக்கமான மாயக்கதை உலகின் ஆயுதங்களை அருங்காட்சியகத்தில் காணச் செல்பவர், கதையில் வந்த வாள் அப்படியே அங்கே இருக்கும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும். பழைய ஆயுதங்கள் கதைகளோடு ஒத்துப்போவது சிறு கூறுகளில்தான்: அலகில் பொறித்த எழுத்து, கைப்பிடியில் பதித்த கல், எஃகில் ஓடும் நீர்வரி. ஆகவே கதையில் உங்கள் நெஞ்சில் நின்ற கூறுகள் இரண்டு மூன்றைக் குறித்துக்கொண்டு, அவற்றை மட்டும் தேடிச் செல்லுங்கள்.

எழுத்துப் பொறித்த வாள் என்றால், லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில், 1857இல் தேம்ஸ் ஆற்றில் கிடைத்த ஒருபக்கக் கூருள்ள ஆயுதத்தைச் சொல்வேன். அதன் மொத்த நீளம் சுமார் 72 செ.மீ.; அலகில் 28 ரூன் எழுத்துகளின் (பழைய ஜெர்மானிய மக்களின் எழுத்துகள்) வரிசையும் 'பியாக்நோத்' என்ற பெயரும் உலோகக் கம்பிகளால் இழைக்கப்பட்டிருக்கின்றன. அது செய்தவர் பெயரா, உடையவர் பெயரா என்பது இன்றுவரை தெரியவில்லை. எழுத்துகளுள் சில வரிசை மாறியிருப்பதைக் கவனியுங்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு கொல்லனின் கை தயங்கிய இடம் அதுவாகவும் இருக்கலாம் என்று எண்ணும்போது எனக்கு உடல் சிலிர்க்கும். அதே அருங்காட்சியகத்தில், 1939இல் இங்கிலாந்தின் சட்டன் ஹூ புதைமேட்டில் தோண்டியெடுத்த வாளின் கைப்பிடி முனைக் குமிழில், தங்கத்தில் பதித்த செந்நிறக் கார்னெட் கற்கள் உள்ளன. அதன் அலகு துருவேறி உறையோடு ஒட்டிப்போனதால், உள்ளே முறுக்கி அடித்த இரும்பின் கோலத்தை எக்ஸ்ரே படத்தில்தான் கண்டார்கள்.

துருப்பிடிக்காத அலகுகளில் இத்தகைய கோலத்தை வெறும் கண்ணாலேயே காணலாம். பேழைக்கு நேர் எதிரே நிற்காமல் பக்கவாட்டில் நகர்ந்து, விளக்கொளி அலகின் மேல் சாய்வாக விழும் இடம் வரும்வரை மெல்லத் தலையைச் சாய்த்துப் பாருங்கள். சாம்பல் நிறமாகத் தோன்றிய எஃகில் அலையலையாக வரிகள் எழும். அடுத்து, கூரான விளிம்பில் வெட்டுத் தழும்புகள் உண்டா, கைப்பிடியின் தோல் எங்கே தேய்ந்திருக்கிறது என்று தேடுங்கள். விளக்க அட்டையை அதற்குப் பிறகு படிப்பதே நல்லது; முதலில் படித்தால் கண் அட்டை சொன்னதை மட்டுமே காணும்.

கதை வீரர்கள் ஏந்தும் பிரம்மாண்டமான வாளைக் கண்டால் மட்டும் அட்டையை உடனே பாருங்கள். போருக்கான இருகை வாள்கள் பெரும்பாலும் 2 முதல் 3 கிலோவுக்குள் அடங்கும். அதைவிட மிகக் கனமானவை பொதுவாக ஊர்வலத்தில் தூக்கிச் செல்வதற்காகச் செய்தவை. நுனி கூரின்றி மழுங்கியோ தட்டையாகவோ இருந்தால், அது மரண தண்டனை நிறைவேற்றப் பயன்பட்ட வாளாக இருக்கலாம். '19ஆம் நூற்றாண்டு' என்றிருந்தால், இடைக்கால மோகத்தில் பிற்காலத்தவர் செய்த நகலா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

படமெடுக்க அனுமதி இருந்தாலும் ஃபிளாஷ் வேண்டாம். கண்ணாடியின் பிரதிபலிப்புதான் படத்தில் விழும். மனம் கவர்ந்த ஒன்றைக் குறிப்பேட்டில் வரைந்து, அட்டையிலுள்ள பதிவு எண்ணையும் எழுதிக்கொண்டால், அருங்காட்சியகத்தின் இணையப் பட்டியலில் அதன் மறுபக்கத்தையும் பார்க்க வாய்ப்புண்டு.