பார்க்க வடிவாகவும் பாவிக்கச் சுகமாகவும்

திருகோணமலையில் ரைஸ் குக்கர், ரேடியோ, போன் என்று பழுதாகி வரும் சாமான்களைத் திறந்து திருத்துவதுதான் என் தொழில். மின்சாதனங்களுக்கு உருவம் கொடுக்கப் படிக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன்.

கணினியில் வரையத் தொடங்குமுன், அந்தச் சாமானை எந்தக் கை தொடப்போகிறது என்று நேரில் போய்ப் பாருங்கள். காலையில் நம் மீன் சந்தையில் கொஞ்ச நேரம் நின்றாலே போதும். மீன் வெட்டுகிறவருக்குப் போன் அடிக்கும். விரலைச் சாரத்தில் துடைத்துவிட்டுத் திரையில் இழுப்பார், எடுபடாது. மறுபடி துடைப்பார். அதற்குள் மணி நின்றுவிடும். தொடுதிரை, விரல் பட்டதும் மின்புலத்தில் வரும் சிறு மாற்றத்தைத்தான் அறிகிறது. உப்புத்தண்ணீரும் மின்சாரம் கடத்துவதால் எது விரல், எது தண்ணீர் என்று அது குழம்பிப்போகிறது. குசினியில் அரிசி களைந்த கைக்கும் இதே பாடுதான். ஈரக்கை படும் சாமானுக்கு அழுத்துகிற பொத்தானோ திருகுகிற குமிழோ வையுங்கள். இதில் விட்டுக்கொடுக்கவே வேண்டாம்.

பொத்தான் வைத்தால் வடிவு கெட்டுவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். பிரவுன் என்ற ஜெர்மன் மின்சாதன நிறுவனத்துக்காக டீட்டர் ராம்ஸும் டீட்ரிச் லூப்ஸும் 1987இல் உருவாக்கிய ஈடி 66 கல்குலேட்டரின் படத்தைத் தேடிப் பாருங்கள். பொத்தான்கள் வட்டமாக, மேலே குவிந்திருக்கும். விரல்நுனி ஒவ்வொன்றையும் தனியாக உணரும். அடிக்கடி தேவைப்படும் சமன்குறிப் பொத்தான், கறுப்பு உடலில் மஞ்சளாக நிற்கும். கண்ணை இழுப்பதும் அந்த மஞ்சள்தான், கைக்கு வழி காட்டுவதும் அதுதான். மாறாக, 2015இல் வந்த ஆப்பிள் மேஜிக் மவுஸ் 2இல் சார்ஜ் துளையை அடிப்பக்கம் வைத்தார்கள். மேலே பார்த்தால் ஒரு ஓட்டை இல்லை, நல்ல வடிவு. ஆனால் சார்ஜ் ஏறும்வரை கவிழ்த்துப் போட வேண்டும், வேலை நின்றுபோகும்.

எதை வெளியில் வைப்பது, எதை மறைப்பது? நாள்தோறும் தொடுவது முன்னால், எப்போதாவது தொடுவது பின்னால். சரி, அப்புறம் குமிழ். வழுவழுப்பாக விடாமல் ஓரத்தில் மெல்லிய வரிப்பள்ளங்கள் வெட்டுங்கள். எவ்வளவு திருகியிருக்கிறது என்று காட்ட ஒரு கோடு வேண்டும். அதை மேலே அச்சடித்தால் விரல் பட்டுப் பட்டு அழிந்துவிடும். கோட்டைக் குழியாக வெட்டி, வெள்ளைப் பெயின்ற் நிரப்புங்கள். பார்க்கவும் எடுப்பாக இருக்கும், இருட்டில் விரலாலும் தடவி அறியலாம்.

நம்மூர் உப்புக்காற்று இரும்பை விடாது. துருப்பிடிக்காத திருகாணியை மறைக்காமல், ஒழுங்கான இடைவெளியில் வெளியே தெரிய விடுங்கள். அதுவே ஒரு அலங்காரம். பசை போட்டு ஒட்டிய உடலைத் திறக்கும்போது பாதிக்குமேல் உடைகிறது, பாவித்தவர் மனமும் நோகிறது. தூசியும் தண்ணீரும் உள்ளே போகாது என்று காட்டும் ஐபி 68 என்ற குறியையும் நம்பி இருக்காதீர்கள். அந்தச் சோதனை நன்னீரில் நடப்பது. சாமான் ஓடுவதைக் காட்ட, இரவில் கண்ணைக் குத்தும் நீல விளக்கு வேண்டாம், மங்கலான சிவப்பு போதும்.

மாதிரியை முதலில் கார்ட்போர்ட்டில் செய்து, சாமானின் எடைக்கு உள்ளே மணல் நிரப்பி, வீட்டில் அம்மம்மாவிடம் கொடுங்கள். விளக்கம் சொல்லாதீர்கள். விரல் எங்கே தயங்குகிறதோ அங்கே பென்சிலால் ஒரு புள்ளி வைத்து, அந்த இடத்தை மட்டும் திரும்ப வரையுங்கள்.