பதினொரு பேருக்குச் சுருக்கிய சிம்பனி: என் அனுபவம்

கிளிநொச்சியில் எங்களிடம் இருந்தது வயலின் ஐந்து. வியோலா, செலோ, புளூட், கிளாரினெற், ட்ரம்பெற், கீபோர்ட் ஒவ்வொன்று. எடுத்தது செக் இசையமைப்பாளர் துவோர்ஷாக்கின் 1893 சிம்பனியின் இரண்டாம் பகுதி. மூலத்தில் பித்தளை ஊதுகருவிகளில் ஹோர்ன் மட்டுமே நாலு, ட்ரொம்போன் மூன்று.

முதலில் சுருதியை மாற்றினேன். மூலத்தின் டி ஃபிளாட் மேஜரில் வயலினின் திறந்த தந்திகளில் (விரல் வைக்காத ஜி, டி, ஏ, இ) ஒன்றுகூடப் பொருந்தாது. ஐந்து வயலின் மெலிந்து கேட்கும். அரைச்சுரம் ஏற்றி டி மேஜரில் வைத்தால் நாலு தந்தியும் கூட ஒலிக்கும்.

மூலத்தில் கோர் ஆங்கிலே என்ற மரக்குழல் வாசிக்கும் பெயர்பெற்ற மெட்டைக் கிளாரினெற்றுக்குக் கொடுத்தது பிழை. சுரவரிசையின் மூன்றாம், ஐந்தாம் சுரங்களுக்கு நடுவில்தான் கிளாரினெற்றின் கீழ்க்குரல் முடிந்து மேற்குரல் தொடங்குகிறது. ஒரே மூச்சில் இரண்டு குரல். வியோலாவுக்கு மாற்றியதும் சரி. 'ஏ' சுரத்தைத் திறந்த தந்தியில் விடாமல், டி தந்தியில் நாலாம் விரலால் பிடிக்கவேண்டும். வியோலா விட்ட உள்சுரங்களை இரண்டாம் வயலின் எடுக்கும். வயலினின் ஆகக் கீழான சுரமான ஜிக்குக் கீழே போனால் செலோ.

தொடக்கப் பித்தளைக் கோர்ட்டுகளில் (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) ஒரே சுரம் திரும்ப வரும் இரட்டிப்புகளை வெட்டலாம், கோர்ட்டின் மூன்றாம் சுரத்தை வெட்டக்கூடாது. அடிச்சுரம் கீபோர்ட்டுக்கு.

நடுப்பகுதி ட்ரெமோலோ (வில்லை வேகமாக முன்னும் பின்னும் நடுக்குவது) இரண்டு வில்லில் வெறும் கீறல்தான். எண்ணி வாசிக்கும் பதினாறாம் சுரங்களாக எழுதினேன்.

ஒலியை அடக்கும் மியூட் இல்லாதவர்கள் பிரிட்ஜில் (தந்திகளைத் தாங்கும் கட்டை) உடுப்புக் கொழுவும் சின்ன மரக்கிளிப்பைக் கொழுவினார்கள். பிளாஸ்ரிக் கிளிப் அதிர்ந்து இரையும்.

வன்னி வெக்கையில் கிளாரினெற் சுருதி ஏறும், கீபோர்ட் ஏறாது. பத்து நிமிடம் ஊதிச் சூடாக்கிய பிறகு கீபோர்ட்டின் 'ஏ' சுரத்தை 440 ஹேர்ட்ஸிலிருந்து 443க்கு உயர்த்தி, தந்திகளை அதற்குச் சேர்த்தோம்.