ஜுபைல் வரும் க்யூசி தம்பிகளே, அந்தக் கடைசித் தாள் வேண்டாம்

கீழக்கரை, பெரியபட்டினம், தேவிபட்டினம், தொண்டி என்று நம் கரையிலிருந்து வெல்டிங், பைப்பிங் க்யூஏ க்யூசி (தரச் சோதனை) கோர்ஸ் முடித்த கையோடு சவூதியின் ஜுபைல் வரும் தம்பிகளுக்காக, இன்ஸ்டிட்யூட் போட்டுத் தரும் போலி அனுபவக் கடிதத்தைப் பற்றி இதை எழுதுகிறேன். தம்மாமில் இறங்கியதும் என்ன நடக்கும் என்று வீட்டில் ஒரு மச்சானோ, காக்கா என்று நாம் கூப்பிடும் அண்ணனோ ஏற்கனவே சொல்லி அனுப்பியிருப்பார். மெடிக்கல், கைரேகை, இக்காமா (தங்கும் அனுமதி அட்டை), அப்ஷர் (அரசாங்க ஆப்), பேங்க் கணக்கு எல்லாவற்றுக்கும், அரசு ஆபீஸ் வேலைகளைப் பார்க்கும் கம்பெனி மந்தூப் பின்னாலேயே போனால் போதும். கிவா என்ற அரசுத் தொழிலாளர் தளத்தில் ஒப்பந்தம் வரும்போது மட்டும் யாரையும் நம்பி பட்டனை அமுக்கிவிடாதீர்கள். தொழில் என்ற இடத்தில் என்ன இருக்கிறது, சம்பளம் ஊரில் சொன்னதுதானா என்று படியுங்கள். தொழில் இன்ஜினியர் என்று இருந்தால் சவூதி இன்ஜினியர்ஸ் கவுன்சிலில் பதிய வேண்டும், படிப்புச் சான்றிதழை அங்கே தோண்டிப் பார்ப்பார்கள்.

இதெல்லாம் எப்படியும் முடிந்துவிடும். எனக்கு எரிச்சல் நீங்கள் கொண்டுவரும் ஃபைலைப் பார்த்துத்தான்.

பத்து நாள் கோர்ஸ், ஆர்டி (ரேடியோகிராஃபி), யூடி (அல்ட்ராசோனிக்), எம்டி (காந்தத் துகள்), பிடி (பெனட்ரன்ட்) என்று வெல்டை உடைக்காமல் சோதிக்கும் நான்கு முறைகளிலும் லெவல் டூ தகுதி. இந்தச் சோதனையாளர்களுக்கான வழிகாட்டி எஸ்என்டி-டிசி-1ஏ என்று சான்றிதழில் போட்டிருக்கிறதே, அதில் ரேடியோகிராஃபிக்கு மட்டும் லெவல் ஒன்றுக்கு 40 மணி நேரம், லெவல் டூவுக்கு மேலும் 40 மணி நேரம் வகுப்பு. தினம் எட்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் பத்து நாளும் ஆர்டிக்கே சரியாகப் போய்விடும். மீதி மூன்றையும் எப்போது நடத்தினார்கள், டீ பிரேக்கிலா? இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். அந்த வழிகாட்டிப்படி சான்று கொடுக்கும் பொறுப்பு உங்களுக்குச் சம்பளம் கொடுக்கும் கம்பெனிக்கு. இன்ஸ்டிட்யூட் தாள் நீங்கள் வகுப்புக்குப் போனீர்கள் என்பதற்குத்தான் அத்தாட்சி. இங்கே கம்பெனியின் லெவல் த்ரீ (மேல்நிலைத் தகுதி பெற்றவர்) கம்பெனி எழுதி வைத்திருக்கும் நடைமுறைப்படி மறுபடி பரீட்சை வைத்துக் கையெழுத்துப் போடுவார். கிட்டப்பார்வைச் சோதனையும் ஆண்டுக்கு ஒருமுறை உண்டு. அது ஏமாற்றம்தான், ஆனால் சமாளித்துவிடலாம்.

சமாளிக்க முடியாதது ஃபைலின் கடைசியில் இருக்கும் அனுபவக் கடிதம். "எல்லாருக்கும் கொடுப்பதுதான், கல்ஃபில் யார் பார்க்கிறார்கள்" என்று சொல்லித் தருகிறார்களே, அது.

என் ரூம்மேட் தேவிபட்டினத்துக்காரன். வேலை தெரிந்தவன். வெல்டிங்குக்குப் பொருத்தி வைத்த ஜாயின்ட்டில், இரண்டு பைப்பும் மட்டமாக இருக்கிறதா என்று அளக்கும் ஹை-லோ கேஜை வைக்கும் முன்பே விரல் நுனியால் தடவி "உள்ளே ஏறி நிக்குது மாப்ள" என்பான், கேஜும் அதையே சொல்லும். உண்மையில் அவனுக்கு இருந்தது ஒரு ஃபேப்ரிகேஷன் ஷாப்பில் இரண்டு வருட அனுபவம். இன்ஸ்டிட்யூட் அதை ஆறாக்கி, ஒரு ரிஃபைனரி ப்ராஜெக்ட் பெயரையும் போட்டுக் கொடுத்தது. இங்கே க்யூசி இன்ஸ்பெக்டரைக் கம்பெனி எடுத்தால் மட்டும் போதாது, ப்ராஜெக்டைக் கொடுத்த க்ளையன்ட்டும் சிவியைப் பார்த்து இன்டர்வியூ செய்து ஓகே சொல்ல வேண்டும். கோட், அதாவது தொழில் விதிப் புத்தகத்திலிருந்து கேள்விகள் எல்லாம் கேட்டார்கள். பைப்பிங் கோடான பி31.3-இல் நார்மல் சர்வீஸ் லைனுக்குக் குறைந்தது எவ்வளவு ரேடியோகிராஃபி? 5 சதவீதம். ஒரு ஜாயின்ட் ரிஜெக்ட் ஆனால்? அதே வெல்டருடைய இன்னும் இரண்டு ஜாயின்ட்டைச் சோதிக்க வேண்டும். ஹைட்ரோ டெஸ்டில், அதாவது தண்ணீர் நிரப்பிச் சோதிக்கும்போது எவ்வளவு அழுத்தம்? டிசைன் ப்ரெஷரைப் போல் ஒன்றரை மடங்கு. வெல்டர் அந்த ப்ராசஸில் ஆறு மாதம் வெல்டிங் செய்யவில்லை என்றால்? தகுதி போய்விடும். எல்லாமே டக் டக்கென்று சொன்னான்.

பிறகு இன்டர்வியூ எடுத்த க்ளையன்ட் ஆள் கடிதத்தில் இருந்த ரிஃபைனரி ப்ராஜெக்டைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தார். க்ரோம்-மோலி (ஒருவகை அலாய் ஸ்டீல்) லைனில் ஹீட் ட்ரீட்மென்ட் சார்ட் யார் ரிவ்யூ செய்தது, வெப்பம் அளக்கும் தெர்மோகப்புள் எங்கெங்கே வைத்தீர்கள், உங்கள் க்யூசி மேனேஜர் யார்? பையன் வாயைத் திறக்கவில்லை. அவர் இன்னொரு கேண்டிடேட்டின் கடிதத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். அதே ப்ராஜெக்ட், அதே தேதிகள், அதே கையெழுத்து, ஒரே வரியில் ஒரே எழுத்துப் பிழை.

க்ளையன்ட் ரிஜெக்ட் செய்துவிட்டது. கம்பெனி ஊருக்கு அனுப்பவில்லை, ஃபிட்டர் ஹெல்பராக யார்டுக்கு அனுப்பியது, சம்பளத்தையும் குறைத்து. உம்மாவின் நகை ராமநாதபுரத்தில் அடகில் இருந்ததால் அவனும் போனான். இரண்டு வருடம் என்று உண்மையைப் போட்டிருந்தால் அசிஸ்டென்டாகவாவது உள்ளே நுழைந்திருப்பான். அதை நினைத்தால்தான் எனக்கு ஆறவில்லை.

ஊரில் பார்த்த வேலையை எழுத எதற்குக் கூச்சம்? வழுதூர் கேஸ் டர்பைன் மின்நிலையத்தில் ஓவர்ஹால் பார்த்திருந்தால் எழுதுங்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாம்பன் பாலத்தில், 72.5 மீட்டர் தூக்குப் பகுதியோ வேறு பகுதியோ, பெயின்டிங் இன்ஸ்பெக்ஷனில் நின்றிருந்தாலும் எழுதுங்கள். கடல் உப்புக்காற்றில் இரும்பு என்ன பாடு படும் என்று நமக்கு யாரும் கிளாஸ் எடுக்க வேண்டியதில்லை. எந்த ட்ராயிங், எந்த ஜாயின்ட், யார் சூப்பர்வைசர் என்று கேட்டால் பதில் சொல்ல முடிகிறதை மட்டும் சிவியில் வையுங்கள். ஏபிஐ 570 படித்துவிட்டு வருகிறவர்களே, அது ஓடிக்கொண்டிருக்கும் லைனை இன்ஸ்பெக்ட் செய்வதற்கு. புதிதாகப் போடும் லைனுக்கு பி31.3-ஐத்தான் கேட்பார்கள்.

மீன் பற்றி எல்லாரும் கேட்கிறீர்கள். இங்கே ஹமூர் என்று விற்பது நம் களவாதான். ஜுபைலிலும் கடல் இருக்கிறது, ஆனால் காலையில் வலையிலிருந்து எடுத்த மீனைத் தின்று வளர்ந்தவனுக்கு ஐஸில் கிடந்தது இறங்காது. ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12 முதல் 3 வரை வெயிலில் வேலை வாங்கத் தடை இருக்கிறது, அந்த நேரத்தில் தூங்காமல் கோட் புத்தகத்தைப் புரட்டுங்கள்.

போலிக் கடிதம் ஏற்கனவே ஏஜென்ட் கைக்குப் போய்விட்டதா? சிவி க்ளையன்ட்டுக்குப் போகும் முன்பு க்யூசி மேனேஜரிடம் சொல்லி மாற்றிவிடுங்கள். திட்டுவார், வாங்கிக்கொள்ளுங்கள். இன்னும் ஃபீஸ் கட்டாதவர்கள், ஒவ்வொரு சோதனை முறைக்கும் வகுப்பு மணி நேரத்தைத் தனித்தனியாக எழுதித் தருவார்களா, குறையுள்ள வெல்ட் கூப்பனை (மாதிரித் துண்டை) கையில் கொடுத்துப் பழக்குவார்களா என்று கேளுங்கள். "அனுபவமும் போட்டுத் தருகிறோம் தம்பி" என்று ஆரம்பித்தால் எழுந்து வந்து திருச்சி பஸ் ஏறுங்கள். அங்கே பெல் நிறுவனத்தின் வெல்டிங் ரிசர்ச் இன்ஸ்டிட்யூட்டில் அடுத்த கோர்ஸ் எப்போது என்று விசாரியுங்கள்.