வியட்நாமில் நாள், நேரம் பார்ப்பது: புதிதாக வந்திருக்கும் நம்மவர்களுக்கு

சைகோனிலோ ஹனோயிலோ வீடு பிடித்து, வாடகை பேசி, ஒப்பந்தமும் தயாரான பிறகு வீட்டுக்கார அம்மா உங்கள் பிறந்த வருடத்தைக் கேட்பார். தயங்காமல் சரியாகச் சொல்லுங்கள். உங்களைக் குடிவைக்க அவர் நாள் பார்க்கப் போகிறார். வேலை இடத்திலும் இப்படித்தான். புதுக் கிளை திறப்பது, பெரிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவது, புது வண்டி எடுப்பது என்று எல்லாவற்றுக்கும் நாள் உண்டு. எல்லாம் தயாராக இருந்தும் ஒருவர் இரண்டு நாள் தள்ளிப்போட்டால் பெரும்பாலும் காரணம் காலண்டரில் இருக்கும். இது தெரியாமல், ஏதோ ஏமாற்றுகிறார்கள் என்று சந்தேகப்பட்டு நல்ல உறவைக் கெடுத்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். பஞ்சாங்கம் பார்த்து வளர்ந்த நமக்கு இதைப் பிடித்துக்கொள்வது கஷ்டமே இல்லை.

முதலில் ஒரு கிழிக்கும் காலண்டர் வாங்கிச் சுவரில் மாட்டுங்கள். வருடக் கடைசியில் புத்தகக் கடைகளில் அடுக்கி வைத்திருப்பார்கள், "லிக் ப்ளோக்" என்று கேட்டால் போதும். நம் ஊர் தினசரி காலண்டரைப் பார்த்த கண்ணுக்கு அந்தத் தாள் உடனே பழகிவிடும். நடுவில் பெரிதாக ஆங்கிலத் தேதி, அதற்குக் கீழே சின்ன எழுத்தில் சந்திரத் தேதி, அந்த நாளின் பெயர், பிறகு "யோ ஹ்வாங் தாவ்" என்ற தலைப்பில் நல்ல நேரங்கள். ஒரு நாளை இரண்டிரண்டு மணியாகப் பன்னிரண்டு பங்கு போடுகிறார்கள். இரவு 11 முதல் 1 வரை எலி. அப்புறம் எருமை, புலி, பூனை, டிராகன், பாம்பு, குதிரை, ஆடு, குரங்கு, சேவல், நாய், பன்றி. (சீனர்களின் முயலுக்கு இங்கே பூனை, மாட்டுக்கு எருமை.) நாட்களும் இதே வரிசையில் ஒவ்வொரு விலங்காகச் சுற்றி வருகின்றன. வருடங்களும் அப்படியே. இந்தப் பன்னிரண்டோடு பத்துப் பெயர் கொண்ட இன்னொரு சுற்றையும் இணைத்து ஓட்டி அறுபதாக்கிவிடுகிறார்கள். பிரபவ முதல் அட்சய வரை எண்ணுகிற நமக்கு அறுபது வருடச் சுற்று புதிதில்லை.

நல்ல நேரம் கிழமையைப் பொறுத்ததில்லை, அன்றைக்கு எந்த விலங்கு நாள் என்பதைப் பொறுத்தது. அதனால் "திங்கள் ஏழரை ஒன்பது" மாதிரி மனப்பாடம் இங்கே உதவாது. எந்த நாளானாலும் பன்னிரண்டில் ஆறு பங்கு நல்லது. காலை 7 முதல் மாலை 5 வரை மட்டும் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். புலி, குரங்கு நாட்களில் 7 முதல் 11, பிறகு 1 முதல் 3. பூனை, சேவல் நாட்களில் 11 முதல் 3. டிராகன், நாய் நாட்களில் 7 முதல் 11, பிறகு 3 முதல் 5. பாம்பு, பன்றி நாட்களில் 7 முதல் 9, பிறகு 11 முதல் 3. எருமை, ஆடு நாட்களில் 9 முதல் 11, பிறகு 3 முதல் 5. எலி, குதிரை நாட்களில்தான் கொஞ்சம் சிக்கல். காலை 7 முதல் 11 வரை ஒன்றுமே கிடையாது. 11 முதல் 1, அல்லது 3 முதல் 5. விடிகாலை 5 முதல் 7 வரையும் நல்லதுதான், அதனால் அந்த நாட்களில் ஆறு மணிக்கே வந்து சாவி வாங்கிக்கொள்ளச் சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ராகுகாலத்தை விட மனமில்லாதவர்கள் இரண்டையும் சேர்த்தே பார்க்கலாம், பெரும்பாலும் இடம் கிடைத்துவிடும். 2026 தெத், அதாவது சந்திரப் புத்தாண்டு, பிப்ரவரி 17 செவ்வாய்க்கிழமை, நாய் நாள். புத்தாண்டில் வீட்டைவிட்டு முதன்முதலாக வெளியே கால் வைக்க இவர்கள் நேரம் பார்ப்பார்கள். நாய் நாளுக்கு 7 முதல் 11, 3 முதல் 5 நல்லது. செவ்வாய் எமகண்டம் 9 முதல் 10.30, ராகுகாலம் 3 முதல் 4.30. ஆக, காலை 7 முதல் 9 இரண்டு கணக்கிலும் சுத்தம். இப்படி ஒரு கணக்கு உங்களுக்கும் இருக்கிறது என்று வீட்டுக்காரரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். தங்கள் கணக்கை மதிக்கிறவர் தன் கணக்கையும் வைத்திருக்கிறார் என்றால் இவர்களுக்கு மரியாதை கூடும். உட்கார்ந்து இரண்டையும் பொருத்திப் பார்ப்பதில் அவர்களுக்கே ஆர்வம் வந்துவிடும்.

இனி, பிறந்த வருடம். ஒருவருக்கு நல்ல நாள் இன்னொருவருக்கு ஆகாது. எலிக்குக் குதிரை, எருமைக்கு ஆடு, புலிக்குக் குரங்கு, பூனைக்குச் சேவல், டிராகனுக்கு நாய், பாம்புக்குப் பன்றி எதிர். மேலே சொன்ன தெத் நாள், டிராகன் வருடத்தில் பிறந்தவர்களுக்கு எதிர் நாள். நம் சந்திராஷ்டமம் ராசிக்கு ராசி மாறுவது போலத்தான். கைபேசியில் இருக்கும் பெரும்பாலான காலண்டர் செயலிகளில் அந்த நாள் எந்த வருடக்காரர்களுக்கு ஆகாது என்று தனி வரியே இருக்கும்.

இதில் ஜனவரி, பிப்ரவரியில் பிறந்தவர்கள் கவனமாக இருக்க வேண்டும். வருடம் மாறுவது ஜனவரி 1-இல் இல்லை, தெத்தில். 1990-இல் தெத் ஜனவரி 27. அந்த வருடம் பொங்கலன்று பிறந்தவர் குதிரை இல்லை, அதற்கு முந்தைய பாம்பு. வயதையும் வேறு மாதிரி எண்ணுகிறார்கள். பிறந்ததும் ஒன்று, ஒவ்வொரு தெத்துக்கும் ஒன்று கூடும். 2026 தெத்துக்குப் பிறகு அந்தப் பொங்கல் குழந்தைக்கு 38, அதே வருடம் மார்ச்சில் பிறந்தவருக்கு 37. இந்த ஒரு வயது சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் வீடு கட்டவும் கல்யாணத்துக்கும் "கிம் லாவ்" என்று ஒன்று பார்ப்பார்கள். வயதை ஒன்பதால் வகுத்து மீதி 1, 3, 6, 8 வந்தால் அந்த வருடம் ஆகாது. 37-க்கு மீதி 1, ஆகாது. 38-க்கு மீதி 2, தடையில்லை. கல்யாணத்துக்குப் பெண்ணின் வயது, வீட்டுக்கு ஆணின் வயது என்பது இவர்கள் வழக்கு. வியட்நாமியக் குடும்பத்தில் பெண் எடுக்கப் போகிறவர்கள், "இந்த வருடம் வேண்டாம், அடுத்த வருடம் வைத்துக்கொள்ளலாம்" என்று பெண் வீட்டார் சொன்னால் அதை மறுப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வீடு கட்டுகிறவர்களுக்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: வயது கூடிவருகிற ஒரு உறவினரின் பெயரில் பூமி பூஜையைச் செய்து, வயதைக் "கடன் வாங்கி" வேலையைத் தொடங்குவார்கள்.

மாதத்தில் சில தேதிகள் எல்லோருக்கும் கரிநாள் மாதிரி. சந்திரத் தேதி 5, 14, 23. இந்த நாட்களில் ஊர் சுற்றப் போனாலே நஷ்டம், வியாபாரத்துக்குப் போனால் கேட்கவே வேண்டாம் என்று ஒரு சொலவடை. அப்புறம் 3, 7, 13, 18, 22, 27. இதற்கும் ஒரு சொலவடை: ஏழில் புறப்படாதே, மூன்றில் திரும்பாதே. சந்திர 23 ஏறக்குறைய நம் தேய்பிறை அஷ்டமியோடு ஒட்டி வரும் என்பதால் அதைத் தவிர்ப்பதில் நமக்கும் சங்கடமில்லை. இன்னொன்று, இவர்கள் மாதம் அமாவாசையில் பிறக்கிறது. அமாவாசை கூடும் நாளே முதல் தேதி, பௌர்ணமி ஒட்டி 15. அதனால் சந்திரத் தேதி தெரிந்தால் நம் திதியை ஒரு நாள் முன்னே பின்னே ஊகித்துவிடலாம்.

சரி, குடிபோகும் விஷயத்துக்கு வருவோம். புதிதாக வந்தவர்களுக்கு முதலில் தேவைப்படுவது இதுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். புதுமனை புகுவதை "ஞாப் சாக்" என்கிறார்கள். குறித்த நேரத்தில் நுழைய வேண்டும், வெறுங்கையோடு நுழையக் கூடாது. முதலில் நெருப்பு உள்ளே போக வேண்டும், அதனால் சின்ன கேஸ் அடுப்பையோ கரி அடுப்பையோ எடுத்துப் போவார்கள். மின் அடுப்பு கணக்கில் சேராது, நெருப்பு கண்ணுக்குத் தெரிய வேண்டும். கூடவே பாய், அரிசி, உப்பு, தண்ணீர். உள்ளே போனதும் ஜன்னல் கதவுகளைத் திறந்து, எல்லா விளக்கையும் போட்டு, ஒரு பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்க வைப்பார்கள். பூ, பழம், ஊதுபத்தி வைத்துக் கும்பிடுவார்கள். இதைப் படிக்கும்போதே உங்களுக்குத் தோன்றியிருக்கும். ஆமாம், அந்த அடுப்பிலேயே நம் பாலையும் காய்ச்சிவிடுங்கள். வீட்டுக்கார அம்மாவுக்கு ஒரு டம்ளர் கொடுங்கள். அவர் குறித்த நேரத்தில் நீங்கள் பால் காய்ச்சியதை அக்கம்பக்கம் முழுக்கச் சொல்லி மகிழ்வார். அதன் பிறகு குழாய் ஒழுகினாலும் மின்சாரம் போனாலும் நீங்கள் அவர் வீட்டுப் பிள்ளை மாதிரி.

நல்ல நாள் 10-ஆம் தேதி, உங்கள் சாமான் வருவது 20-ஆம் தேதி என்றால் என்ன செய்வது? கவலை வேண்டாம். 10-ஆம் தேதி அடுப்பு, பாய், அரிசி, உப்போடு போய் நுழைந்து கும்பிட்டுவிட்டால் "நாள் எடுத்தாகிவிட்டது" என்று கணக்கு. மீதிச் சாமானை வசதிப்படி கொண்டுபோகலாம். ஹோட்டலில் காசு கரைந்துகொண்டிருக்கும் புது ஆளுக்கு இந்த ஒரு வழி தெரிந்திருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. பிறந்த வருடத்தை முதல் சந்திப்பிலேயே எழுதிக் கொடுத்து, அடுத்த பத்து நாளில் எது ஒத்துவரும் என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

சந்திரக் கணக்கின் ஏழாம் மாதத்தில் மட்டும் வளைந்து கொடுக்க மாட்டார்கள். நம் ஆடியைப் போல, ஆனால் பயம் இன்னும் அதிகம். நாதியற்ற ஆவிகள் அலையும் மாதம் என்பது நம்பிக்கை. குடிபோக மாட்டார்கள், கல்யாணம் கிடையாது, வீடு, கார் வாங்குவதைத் தள்ளிப்போடுவார்கள். 2026-இல் அது ஆகஸ்ட் 13 முதல் செப்டம்பர் 10 வரை. அந்தச் சமயத்தில் வந்து இறங்குகிறவர்கள் முதல் மாதத்துக்குத் தற்காலிக அறை பார்த்துக்கொள்வது நல்லது. மாலையில் கடை வாசல்களில் கஞ்சி, பொரி, மிட்டாய், கரும்புத் துண்டு வைத்துப் படைத்துவிட்டு, அரிசியையும் உப்பையும் தெருவில் தூவிக் காகிதப் பணத்தை எரிப்பார்கள். அதைத் தாண்டாதீர்கள், சுற்றிப் போங்கள்.

கடை கண்ணிக்குப் போகும்போது போணியை மதியுங்கள். காலையில் கடை திறந்ததும் முதல் ஆளாகப் போய், நாலு சாமானைப் புரட்டி, பேரம் பேசி, வாங்காமல் திரும்பினால் அன்றைய வியாபாரமே கெட்டது என்று நினைப்பார்கள். நீங்கள் போன பிறகு காகிதத்தைக் கொளுத்தித் தோஷம் கழிப்பதும் உண்டு. சந்திர மாத முதல் தேதியில் இது இன்னும் கடுமை. அன்றைக்குக் கடன் கேட்காதீர்கள், கொடுக்க மாட்டார்கள். பேரம் பேச ஆசையிருந்தால் மதியத்துக்கு மேல் போங்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்குச் சந்திர மாதத்தின் 1-ஆம் தேதியும் 15-ஆம் தேதியும் பண்டிகை. நிறையப் பேர் அன்றைக்கு அசைவம் தொட மாட்டார்கள். "கோம் சாய்" என்று கேட்டால் மீன் சாறு கலக்காத சோறும் கறியும் தெருமுனையிலேயே கிடைக்கும். சைகோனில் பென் தான் சந்தைக்குப் பக்கத்தில், ட்ருவோங் தின் தெருவில் இருக்கும் மாரியம்மன் கோவிலிலும் அந்த இரண்டு நாளும் கூட்டம் அதிகம். வருகிறவர்களில் பெரும்பாலோர் வியட்நாமியர்கள். நம் அம்மனை அவர்கள் கணக்குப்படி அவர்கள் கும்பிடுவதைப் பார்க்கும்போது மனம் நிறைந்துவிடும். நிதானமாகத் தரிசனம் வேண்டுமென்றால் வேறு நாளில் போங்கள். தெற்கே வியாபாரிகள் பலர் 2, 16 தேதிகளில் படைப்பார்கள். பணப் பேச்சை அன்றைக்கு மாலை வைத்துக்கொள்ளாமல் இருப்பது நல்லது.

தெத் முதல் நாள் காலையில் அழைக்காத வீட்டுக்குப் போகவே போகாதீர்கள். அந்த வருடம் வாசலைத் தாண்டும் முதல் ஆளின் ராசி வருடம் முழுக்க நிற்கும் என்பதால், வயது பொருந்திய ஒருவரை முன்பே சொல்லி வைத்திருப்பார்கள். வீட்டில் சமீபத்தில் சாவு விழுந்தவர்கள் அன்றைக்கு எங்கும் போவதில்லை. உங்களையே முதல் ஆளாக அழைத்தால் அது பெரிய மரியாதை. சொன்ன நேரத்துக்கு, நல்ல உடுப்பில், குழந்தைகளுக்குச் சிவப்பு உறையில் புது நோட்டோடு போங்கள். முதல் மாதம் 10-ஆம் தேதி, 2026-இல் பிப்ரவரி 26, செல்வ தெய்வத்தின் நாள். அட்சய திருதியை மாதிரி நகைக்கடை வாசலில் விடியும் முன்பே வரிசை நிற்கும். தெத் முடிந்து கடைகள் திறப்பதும் அவரவர் பார்த்த நாளில்தான், எல்லாம் ஒரே நாளில் திறக்காது. மருந்து, அரிசி, பருப்பு ஒரு வாரத்துக்கு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

செயலி இறக்கும்போது வியட்நாமியச் செயலியாகவே பாருங்கள். சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ வாங்கிய சீனக் காலண்டரைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டால் சில வருடங்களில் கணக்கு பிசகும். அமாவாசை கூடும் நிமிடத்தைச் சீனா தன் நேரப்படி எடுக்கிறது, வியட்நாம் அதற்கு ஒரு மணி பின்தங்கிய தன் நேரப்படி எடுக்கிறது. நள்ளிரவை ஒட்டி அமாவாசை விழுந்தால் தேதி மாறிவிடும். 2007-இல் இங்கே தெத் பிப்ரவரி 17, சீனாவில் 18. 1985-இல் அமாவாசையால் இல்லை, டிசம்பரில் சூரியன் திரும்பும் நேரம் நள்ளிரவை ஒட்டி விழுந்ததால் ஒரு மாதமே வித்தியாசம், இங்கே ஜனவரி 21, அங்கே பிப்ரவரி 20. 1968-இல் நாடு பிரிந்திருந்தபோது வடக்கும் தெற்குமே ஒரு நாள் முன்பின்னாகக் கொண்டாடின. 2030-இல் மறுபடியும் ஒரு நாள் வித்தியாசம் வரும்.

நாள் பார்த்துச் சொல்பவரைத் "தை" என்பார்கள். வாடகை வீட்டுக்கும் சின்னக் கடைக்கும் அவர் வரை போகத் தேவையில்லை. வீட்டுக்காரர் வீட்டுப் பாட்டிக்கு இதெல்லாம் அத்துப்படி, அவரிடமே கேளுங்கள், சந்தோஷமாகப் பார்த்துச் சொல்வார். கல்யாணம், சொந்தக் கட்டடம் என்று வந்தால் பெண் வீட்டாரோ கூட்டாளியோ நம்புகிற தையிடம் அவர்களோடு சேர்ந்து போங்கள். நாள் குறித்ததற்குத் தட்சிணை கொடுப்பது முறை. தோஷம் இருக்கிறது, பரிகாரத்துக்குப் பெரிய தொகை ஆகும் என்று பயமுறுத்தினால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள், உங்களோடு வந்தவர்களும் அதையேதான் செய்வார்கள்.